வருத்தமா, இரங்கலா, மன்னிப்பா: எந்த இடத்தில் எந்தச் சொல்?

போன ஆடியில் எங்கள் பெரிய அத்தை தவறிப்போனார். எண்பத்து நான்கு வயது, பேரன் பேத்தி எல்லாம் பார்த்துவிட்ட கல்யாணச் சாவு என்று ஊரில் சொன்னார்கள், ஆனாலும் சாவு சாவுதான். ராத்திரி பத்தரை மணிக்குத் தெரிந்த டிடிபி கடைக்காரரை வீட்டிலிருந்து கூட்டிவந்து, ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே போய் உட்கார்ந்தோம், விடிவதற்குள் போஸ்டர் ஒட்டியாக வேண்டும். அத்தையின் பேரன் பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டே வாட்ஸ்அப்பில் வாசகம் அனுப்பியிருந்தான்: "எங்கள் பாட்டியின் மறைவுக்கு ஆழ்ந்த வருத்தங்களைத் தெரிவித்துக்கொள்கிறோம்." கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார், "ஏன் தம்பி, சாவு உங்க வீட்டுல. நீங்களே வருத்தம் தெரிவிச்சா யாருக்குத் தெரிவிக்கிறீங்க?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நான் பத்து வருடமாக மொழிபெயர்ப்பும் பிழைதிருத்தமும் செய்து பிழைக்கிறவன், எனக்கே அது சட்டென்று உறைக்கவில்லை. தமிழில் துக்கத்துக்கும் வருத்தத்துக்கும் சொல் பஞ்சம் கிடையாது, எடுத்து நீட்டினால் இருபது வரும். அதில் எதை எங்கே போடுவது என்பதில்தான் எல்லோரும் வழுக்குகிறோம். அதனால் நான் பிடிக்கும் வழி என்ன என்று எழுதிவைக்கிறேன். அகராதி வரிசையில் இல்லை, வேலை வரும் இடத்தை வைத்து.

சாவு வீட்டுச் சொற்கள்

இங்கே முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் உள்ளே இருக்கிறீர்களா வெளியே இருக்கிறீர்களா என்பதுதான். இரங்கல், அனுதாபம் இரண்டும் வெளியாட்கள் சொல்வது. பறிகொடுத்த வீட்டுக்காரர் இரங்கல் தெரிவிக்க முடியாது, அவர் அதைப் பெற்றுக்கொள்கிறவர். வீட்டுக்காரர் போடும் போஸ்டரில் "இயற்கை எய்தினார்", "இறைவனடி சேர்ந்தார்", "காலமானார்" என்று செய்தியும், கீழே "துயரில் வாடும் குடும்பத்தினர்" என்று பெயர்களும் வரும். 'துயரில் வாடும்' தேய்ந்துபோன தொடர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது உட்கார்ந்திருக்கும் இடம் சரியான இடம், வாடுவது நாங்கள்தான் என்று அது சொல்லிவிடுகிறது. கண்ணீர் அஞ்சலி மட்டும் இரண்டு பக்கமும் பொருந்தும், ஏனென்றால் அஞ்சலி என்பது கை கூப்புவது, போனவரைப் பார்த்துக் கூப்புவது, இருப்பவரைப் பார்த்து அல்ல. மகனும் கூப்பலாம், ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்களும் கூப்பலாம்.

இரங்கலா அனுதாபமா என்றால் நான் யோசிக்காமல் இரங்கல் என்பேன். அனுதாபம் என்றதும் நமக்குத் தேர்தல்தான் ஞாபகத்துக்கு வருகிறது. இந்திரா காந்தி கொல்லப்பட்ட பிறகு 1984 டிசம்பரில் வந்த தேர்தலில் காங்கிரஸ் நானூறுக்கும் மேற்பட்ட இடங்களைப் பிடித்தது, 1991இல் ராஜீவ் கொலைக்குப் பிறகு தமிழ்நாட்டில் நடந்ததும் எல்லோருக்கும் தெரியும், இரண்டையும் அனுதாப அலை என்றுதான் சொன்னோம். ஓட்டு விழுந்து விழுந்து அந்தச் சொல்லில் கொஞ்சம் கணக்கு வாசனை ஏறிவிட்டது. இரங்கலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அது பழைய சொல், அதிலும் முதலில் ஒலியைக் குறித்த சொல். முரசு இரங்கும், கடல் இரங்கும் என்று பழம்பாட்டில் வரும், அங்கே இரங்குதல் என்றால் முழங்குதல். நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல் என்று இலக்கணம் வைத்ததில் எனக்கு எப்போதும் ஒரு திருப்தி உண்டு: கடலும் ஓயாமல் ஒலிக்கிறது, கரையில் நிற்கிறவளும் ஓயாமல் புலம்புகிறாள், இரண்டுக்கும் ஒரே வினைச்சொல்.

நேரில் போகும்போது இரங்கல் என்ற சொல் வாயில் வராது. சென்னைப் பக்கம் துக்கம் விசாரிக்கப் போவோம், மதுரை திருநெல்வேலிப் பக்கம் துட்டி கேட்கப் போவார்கள், கேதம் கேட்க என்றும் சொல்வார்கள். எல்லாவற்றிலும் வினை 'கேட்பது' அல்லது 'விசாரிப்பது'. யாரும் துக்கத்தைத் 'தெரிவிப்பது' இல்லை. போய் உட்கார்ந்து "என்ன ஆச்சு, எப்போ ஆச்சு, கடைசியா என்ன சாப்பிட்டாங்க" என்று கேட்பதுதான் ஆறுதல். ஆகவே வாட்ஸ்அப்பில் 'ஆழ்ந்த இரங்கல்' என்று இரண்டு சொல்லைத் தட்டிவிட்டு மூன்று கைகூப்பும் பொம்மை போடுவதைவிட, தெரிந்தவர் என்றால் போன் அடித்து "எப்படி ஆச்சு?" என்று கேட்பது மேல். இழவு என்ற சொல்லையும் எடுக்க வேண்டாம். இழத்தல் என்ற நல்ல வேரிலிருந்து வந்ததுதான், தொல்காப்பியமே அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று நான்கு காரணம் சொல்லி இழவை இரண்டாவதாக வைக்கிறது. ஆனால் இன்றைக்கு 'என்ன எழவுடா இது' என்று சர்வர் தொங்கும்போது சொல்கிற சொல்லாக ஆகிவிட்டது.

நான் செய்த தப்புக்கு எந்தச் சொல்

இதுதான் நிஜமான சிக்கல், இதில் கொஞ்சம் நேரம் நிற்கிறேன்.

செய்த காரியத்தை நினைத்துப் பின்னால் வேகும் மனசுக்குத் தமிழில் ஒரு பெயர்ச்சொல் வேண்டும் என்று தேடினால், கையில் எடுத்த ஒவ்வொரு சொல்லும் நழுவும். பச்சாதாபத்தை எடுங்கள். வடமொழியில் பச்சாத் என்றால் பின்னால், தாபம் என்றால் வெப்பம். காரியம் முடிந்த பின் வரும் எரிச்சல். தெலுங்கு, கன்னடம், மலையாளம் மூன்றிலும் இன்றைக்கும் அதே பொருள்தான், செய்த குற்றத்துக்கு நொந்துகொள்வது. தமிழில்? "அவன்மேல் பச்சாதாபப்பட்டு ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன்" என்கிறோம். தன் குற்றத்துக்கு வெந்த சொல், அடுத்தவன் நிலைமைக்கு இரங்கும் சொல்லாகிவிட்டது. நடுவில் இருந்த ஒரு 'த்'தையும் வழியில் போட்டுவிட்டு வந்திருக்கிறது.

அனுதாபமும் அப்படியேதான். அனு என்றாலும் பின்னால் என்றே பொருள், அதுவும் பின்வெப்பம்தான், அதுவும் அடுத்தவர்மீது படும் பரிவாக மாறிவிட்டது. பரிதாபம், சுற்றிலும் வேகும் வெப்பம், இப்போது செய்தித்தாளில் 'லாரி மோதி வாலிபர் பரிதாப பலி' என்று மாதத்துக்குப் பத்து முறை வருகிறது. மனஸ்தாபம் இன்னும் வேடிக்கை. மனம் வெந்து நொந்துகொள்வதுதான் அது. பழைய தமிழ் பைபிளில் ஆதியாகமம் ஆறாம் அதிகாரத்தில், மனுஷனை உண்டாக்கினதற்காகக் கர்த்தர் மனஸ்தாபப்பட்டார் என்று வரும். கத்தோலிக்க வீடுகளில் உத்தம மனஸ்தாப மந்திரம் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள், பாவத்துக்கு நொந்து சொல்லும் ஜெபம். அந்த வீடுகளுக்கு வெளியே மனஸ்தாபம் என்றால் மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் இருப்பது, நிலத் தகராறில் அண்ணன் தம்பிக்குள் வருவது. "கர்த்தருக்கும் மனுஷனுக்கும் என்ன மனஸ்தாபம்?" என்று ஒரு நண்பன் நிஜமாகவே கேட்டான், அவன் ஏதோ சண்டை என்று நினைத்துவிட்டான்.

இத்தோடு 'பாவம்' என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குற்றம் என்ற பொருளில் வந்த சொல்லை வைத்துக்கொண்டு "ஐயோ பாவம், மழையில நனைஞ்சிட்டு வருது" என்று நாய்க்குட்டியைப் பார்த்துச் சொல்கிறோம். நாய்க்குட்டி என்ன பாவம் செய்தது? போன ஜென்மத்துக் கணக்கு என்று யாராவது விளக்கம் சொல்லலாம், இருக்கட்டும். எனக்குத் தெரிவது என்னவென்றால், குற்றத்தைச் சுட்டும் சொல்லைத் தமிழ் வாயில் ரொம்ப நாள் வைத்திருக்க மாட்டோம், அது பரிதாபத்தின் பக்கம் சரிந்துவிடும். சுத்தத் தமிழ்ச் சொல்லுக்கும் அதே கதிதான். கழிவிரக்கம் என்றால் கழிந்துபோனதற்கு இரங்குவது, அவ்வளவு துல்லியமான சொல். இப்போது இலக்கியக் கூட்டத்தில் ஒருவரைப் பார்த்து "கவிதை முழுக்கக் கழிவிரக்கம்" என்றால், தன்மேல் தானே பரிதாபப்பட்டுக்கொண்டு மூக்கைச் சிந்துகிறார் என்று பொருள். தன்னிரக்கம் என்று ஒரு சொல் சும்மா இருக்கும்போது இதை ஏன் கெடுத்தார்கள் தெரியவில்லை.

அதனால் என் தேர்வு, பெயர்ச்சொல்லே வேண்டாம் என்பது. மூன்று வருடம் முன்னால் ஒரு நண்பனின் தங்கை கல்யாணப் பத்திரிகையை நான்தான் பிழைதிருத்தினேன். முகூர்த்தம் காலை 7.30இலிருந்து 9 வரை, அச்சில் 9இலிருந்து 10.30 என்று வந்துவிட்டது, நானூறு பத்திரிகை கொடுத்து முடித்த பிறகுதான் யாரோ கண்டுபிடித்தார்கள். நான் உட்கார்ந்து மரியாதையாக ஒரு செய்தி எழுதினேன்: "ஏற்பட்ட தவறுக்கு மிகவும் வருந்துகிறேன்." ஐந்து நிமிஷம் கழித்து அவனிடமிருந்து ஒரே வரி வந்தது, "ஏற்பட்டதா, நீ ஏற்படுத்தினதா?"

அன்றைக்குத்தான் புரிந்தது, வருத்தமா மன்னிப்பா என்று சொல்லைத் தேடுவதைவிட அதற்கு முன்னால் நிற்கும் வினையைப் பார்க்க வேண்டும். 'ஏற்பட்ட' என்றால் தவறு மழை மாதிரி தானாகப் பெய்தது. 'நான் கவனிக்காமல் விட்ட' என்றால் அது என் கையில் நடந்தது. தூர்தர்ஷன் காலத்திலிருந்து நாம் பார்க்கும் "தடங்கலுக்கு வருந்துகிறோம்" முதல் வகை. தடங்கல் வந்தது, நாங்களும் உங்களைப் போலவே உட்கார்ந்து வருந்துகிறோம். டிரான்ஸ்மிட்டர் கோளாறுக்கு அது போதும், யார் வீட்டிலும் குடி முழுகவில்லை. சாலையில் பள்ளம் தோண்டி ஒருவர் காலை உடைத்துக்கொண்ட பிறகும் அதே பலகையை நட்டுவைத்தால்தான் எரிச்சல் வருகிறது.

பெரிய இடங்களில் இந்த வித்தியாசத்தை அளந்து அளந்து வைப்பார்கள். 1919 ஏப்ரல் 13இல் ஜாலியன்வாலாபாக்கில் நடந்ததற்கு, நூறாவது ஆண்டு நெருங்கிய 2019 ஏப்ரல் 10இல் பிரிட்டன் பிரதமர் தெரசா மே நாடாளுமன்றத்தில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். மன்னிப்பு என்ற சொல்லை எடுக்கவில்லை, இந்தியாவில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்த ஒரு சொல்லுக்குத்தான் காத்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகள் விஷயத்தில் 1999இல் ஜான் ஹோவர்ட் அரசு வருத்தத்தோடு நிறுத்திக்கொண்டது, 2008 பிப்ரவரி 13இல் கெவின் ரட் வந்துதான் மன்னிப்புக் கேட்டார். இடையில் எட்டரை வருடம். தமிழில் இந்தச் செய்திகளை எழுதும்போது இரண்டையும் ஒன்றாக்கி "மன்னிப்புக் கோரினார்" என்று போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது மொழிபெயர்ப்புப் பிழை என்பதைவிடப் பெரிய பிழை. வருத்தம் 'தெரிவிப்பது', மன்னிப்பு 'கேட்பது'. தெரிவித்துவிட்டால் வேலை முடிந்தது, கேட்டால் எதிரில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டும், மாட்டேன் என்றும் சொல்லலாம். அந்த ஆபத்தை ஏற்றுக்கொள்கிறவருக்குத்தான் மன்னிப்பு என்ற சொல் பொருந்தும்.

ஆக, எனக்குப் பிடித்த வரிசை இதுதான். சின்ன விஷயம், யாருக்கும் பெரிய சேதம் இல்லை என்றால் ஸாரி போதும், அதில் கௌரவம் பார்க்க வேண்டாம். கம்பெனி பலகை, பஸ் லேட் என்றால் வருந்துகிறோம். கை நம்முடையது என்றால் என்ன செய்தோம் என்று வினையோடு சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்பது. வயதில் பெரியவர் என்றால் 'பொறுத்துக்கணும்' என்று சேர்த்தால் இன்னும் இதமாக இருக்கும். வேலைக்கு விண்ணப்பித்தவரை நிராகரிக்கும் கடிதத்தில் "வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று இழுக்காமல் "இந்த முறை உங்களைத் தேர்வு செய்யவில்லை" என்று எழுதிவிடலாம், அவருக்கு உங்கள் வருத்தத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

யாரிடமும் கேட்க வேண்டாத, உள்ளுக்குள்ளேயே இருக்கும் வருத்தத்துக்கு? அங்கே உறுத்தல் என்ற சொல்லை யாரும் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்பது என் குறை. குற்ற உணர்ச்சி என்று பாடப்புத்தகத் தொடரைப் போடுவதைவிட 'அது உறுத்திக்கொண்டே இருந்தது' என்றால் கண்ணில் விழுந்த தூசி மாதிரி உடம்பிலேயே தெரியும். செய்த தப்புக்கு உறுத்தல், செய்யாமல் விட்டதற்கு ஆதங்கம். கடைசியாக ஒரு தடவை பார்க்காமல் போய்விட்டோமே என்பது ஆதங்கம், அதில் குற்றம் குறைவு, ஏக்கம் அதிகம். இதையே பத்துப் பேரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தால் அங்கலாய்ப்பு.

வள்ளுவர் "எற்றென்று இரங்குவ செய்யற்க" என்கிறார், என்ன காரியம் செய்துவிட்டேன் என்று பின்னால் நொந்துகொள்ளும்படியானதைச் செய்யாதே என்று. அவர் காலத்தில் இரங்கு என்ற ஒரே வினை தன் தப்புக்கும் பொருந்தியிருக்கிறது. அதைவிட எனக்கு வியப்பு, தொல்காப்பியம் காட்டும் 'மன்' என்ற இடைச்சொல். அதற்கு மூன்று பொருள் சொல்லி முதல் பொருளாகக் கழிவு என்கிறது, போய்விட்டது, இனி இல்லை என்று. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு "சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே" என்று தொடங்கும். கள் கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். 'கொடுத்தான்' என்று இறந்தகாலத்தில்கூடச் சொல்லவில்லை, கூட ஒரு 'மன்' நிற்கிறது, அந்த ஒரு சொல்லில் ஆள் இல்லை என்பது வந்துவிடுகிறது. இன்றைய தமிழில் மன் இல்லை. அதன் வேலையைப் பாதிக்குப் பாதி 'இருக்கலாமே' செய்கிறது. அன்றைக்கு ராத்திரி அத்தை பேரனிடம் வாசகத்தை மாற்றுகிறோம் என்று போனில் சொன்னபோது, "எதையாவது போடுங்க சித்தப்பா. போன பொங்கலுக்கே வந்திருக்கலாமே" என்றான். அதை எந்தப் போஸ்டரிலும் போட முடியாது.

துக்கம், சோகம், துயரம், கவலை

இவற்றை ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறோம், பாதி நேரம் பரவாயில்லை. துக்கம் உடம்புக்குள் இருக்கும், தொண்டையை அடைக்கும், நெஞ்சை அடைக்கும். சோகம் வெளியே தெரியும், முகத்தில், பாட்டில், அறையில். "ஏன் சோகமா உட்கார்ந்திருக்கே?" என்று கேட்கலாம், "ஏன் துக்கமா உட்கார்ந்திருக்கே?" என்று கேட்டால் யாரோ செத்துவிட்ட மாதிரி இருக்கும். துயரம் ஒரு அளவு பெரியது, ஊருக்கும் கூட்டத்துக்கும் உரியது. 2004 ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீயும், அதே வருடம் டிசம்பர் 26இல் சுனாமியும் துயரம். பரீட்சையில் இரண்டு மார்க் போனதற்குத் துயரம் என்று எழுதினால் சிரிப்பார்கள்.

வருத்தமும் கவலையும்தான் ஆளை மாட்டிவிடும். யாழ்ப்பாணத்துக்காரத் தோழி ஒருவர் என்னோடு ஒரு மொழிபெயர்ப்பு வேலையில் இருந்தார், இப்போது டொராண்டோவில் இருக்கிறார். ஒருநாள் "அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம், இந்தக் கிழமை வேலை செய்ய ஏலாது" என்று எழுதினார். நான் பெரிய மனுஷத்தனமாக "என்ன வருத்தம், பேசினால் தீராதா? மனம்விட்டுப் பேசுங்கள்" என்று பதில் போட்டேன். "அண்ணை, அவவுக்கு டெங்கு" என்று வந்தது. இலங்கைத் தமிழில் வருத்தம் என்றால் நோய், வருத்தக்காரர் என்றால் நோயாளி. நாம் வருத்தம் என்கிற இடத்தில் அவர்கள் கவலை என்பார்கள், 'கேட்கக் கவலையாக இருக்கு' என்றால் துக்கமாக இருக்கிறது என்று பொருள். நமக்குக் கவலை என்றால் நாளைக்கு என்ன ஆகுமோ என்பது. இரண்டு பக்கத்து ஆட்களும் படிக்கப்போகும் எழுத்து என்றால் மனவருத்தம் என்று ஒரு 'மன'த்தைச் சேர்த்துவிடுங்கள், குழப்பம் தீர்ந்துவிடும்.

கவலைக்குப் பழைய தமிழில் கவர்த்த வழி என்றும் ஒரு பொருள் உண்டு, பாதை பிரியும் இடம், எதில் போவது என்று நிற்கும் இடம். மாடு கட்டித் தண்ணீர் இறைத்த ஏற்றத்துக்கும் கவலை என்றே பேர், தெற்கே கமலை என்பார்கள். மாடு சரிவில் முன்னால் இறங்கினால் தண்ணீர் அள்ளும் சால் மேலே வரும், திரும்பப் பின்னாலேயே ஏறினால்தான் சால் கிணற்றுக்குள் போகும். ராத்திரி படுக்கையில் நாம் செய்வதும் ஏறக்குறைய அதுதான், ஆனால் சொல் பிறந்த கதை அதுவென்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

பின்னால் போவதற்கு

பின்னடைவு, பின்வாங்கல், பின்தங்கல், சரிவு, தேய்வு. இவை வருத்தச் சொற்கள் இல்லை என்றாலும் வருத்தத்துக்குக் காரணமாகிறவை, அதனால் கூடவே பார்த்துவிடலாம்.

பின்வாங்கல் தானாக முடிவெடுத்துச் செய்வது. படை பின்வாங்கும், வேட்பாளர் பின்வாங்குவார், மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குவார்கள். பின்னடைவு நம்மை மீறி நடப்பது. ஓட்டு எண்ணும் நாளில் டிவியில் முன்னிலை, பின்னடைவு என்று ஓடுமே, அங்கே பின்னடைவு என்றால் வெறும் பின்னால் இருப்பதுதான், தோல்விகூட இல்லை, மதியத்துக்குள் மாறலாம். பின்தங்குவதில் நாம் நின்றுகொண்டிருக்கிறோம், மற்றவர்கள் போய்விட்டார்கள். இதில் தமிழ்நாட்டு அரசாங்கச் சொல் ஒன்றைக் கவனித்தீர்களா, பிற்படுத்தப்பட்டோர். பிற்பட்டோர் என்று சும்மா விடவில்லை. 'படுத்தப்பட்ட' என்று போட்டதில், யாரோ செய்தார்கள் என்பது ஏறிவிட்டது. ஏற்பட்டதா ஏற்படுத்தினதா என்று என் நண்பன் கேட்டானே, அதே கேள்வி.

சரியாக இருந்தது மறுபடி பழைய நிலைக்கே போவதற்கு ஒற்றைச் சொல் தேட வேண்டாம், 'பழைய குருடி கதவைத் திறடி' இருக்கிறது. குடியை விட்டவர் மறுபடி தொடங்கினால், ரோடு போட்ட மறுவாரம் குழி விழுந்தால், எல்லாவற்றுக்கும் அதுதான். படிப்படியாகக் குறைந்துகொண்டே போனால் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை. இரண்டும் வேறு வேறு, முதலாவது ஒரே தாவலில் திரும்புவது, இரண்டாவது கொஞ்சம் கொஞ்சமாக. தம்பி பிறந்ததும் நாலு வயதுப் பிள்ளை மறுபடி விரல் சூப்ப ஆரம்பித்தால் அதைப் பின்னடைவு என்று அம்மாவிடம் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள், "திரும்பக் குழந்தையாகப் பார்க்கிறான்" என்றால் போதும்.

சாப்ட்வேர் ஆட்கள் ரிக்ரெஷன் என்பார்கள், நேற்று வரை ஓடியது இன்று ஓடவில்லை, ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று கெட்டுவிட்டது. அவர்களுக்குள் பேசும்போது அந்தச் சொல்லே இருக்கட்டும், வாடிக்கையாளருக்கு எழுதும்போது நடந்ததை அப்படியே எழுதலாம். புள்ளியியலில் ஓர் அளவை வைத்து இன்னோர் அளவைக் கணிக்கும் முறைக்கும் அதே பெயர்தான், அதற்கு நம் பிளஸ் ஒன் பாடநூல் தொடர்புப் போக்கு என்று வைத்திருக்கிறது. நல்ல சொல்தான், ஆனால் அதில் பின்னால் போவது என்ற பொருளே இல்லை. 1886இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 205 பெற்றோர் ஜோடிகளையும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 928 பேரையும் வைத்து உயரத்தைக் கணக்குப் பார்த்தார். ரொம்ப உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியில் பெற்றோர் அளவுக்கு உயரமில்லை, குட்டையானவர்களின் பிள்ளைகள் அவ்வளவு குட்டையில்லை, இரண்டு பக்கமும் நடுவை நோக்கித் திரும்பியது. அந்தத் திரும்பலுக்குத்தான் அந்தப் பெயரை வைத்தார். பின்னால் கணக்கு எங்கெங்கோ போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. அங்கே பின்னடைவு என்று மொழிபெயர்த்தால் மாணவன் எதையோ தோற்றுவிட்டோம் என்று நினைப்பான், ஆகவே பாடநூல் செய்தது சரி.

பின்னடைவை எல்லாவற்றுக்கும் போடக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. கீழ்வீட்டு மாமிக்குக் கழுத்தில் ஒரு கட்டி, ஆறு மாதம் சிகிச்சை நடந்து மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரைப் பார்க்க மறுநாள்தான் நேரம் கிடைத்திருந்தது, ரிப்போர்ட் முந்தின நாள் சாயங்காலமே கைக்கு வந்துவிட்டது. அவர்கள் பையன் அதிலிருந்த ரிக்ரெஷன் என்ற சொல்லை மட்டும் மொபைலில் தட்டி மொழிபெயர்த்துப் பார்த்திருக்கிறான், பின்னடைவு என்று வந்திருக்கிறது. நான் எதற்கோ படியிறங்கிப் போனபோது வீட்டில் விளக்குகூடப் போடவில்லை, மாமா ஹாலில் ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாங்கிப் படித்துப் பார்த்தேன், இரண்டு அளவுகள் இருந்தன, பழையது பெரிது, புதியது சின்னது.

"மாமா, கட்டி சுருங்கியிருக்குன்னு எழுதியிருக்கு. நாளைக்கு டாக்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுக்குங்க, ஆனா இந்த வார்த்தைக்கு அதுதான் அர்த்தம்."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "அப்ப சுருங்கியிருக்குன்னே எழுத வேண்டியதுதானே?" என்றார். அப்புறம் உள்ளே திரும்பி, பாலை அடுப்பில் வைக்கச் சொன்னார்.